ஸ்டீயரிங் பாக்ஸைக் கடைசியாகத் தொடுங்கள்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்தி நல்லபடியாகத் தேறியதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே சின்ன வெங்காயம் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறோம். மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் பிக்கப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபின் அதற்கு முதலில் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரூர் பைபாஸில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி இரு பக்கமும் அலைகிறது என்றும், நான்கு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் கேட்கிறது என்றும், ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸை டைட் வைத்தால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பாக்ஸை இறுக்கும் அந்த ஸ்குரூவில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வண்டிக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. மெக்கானிக் பட்டறையில் நின்றபடி திருப்பிப் பார்த்தபோது ஸ்டீயரிங் கச்சிதமாக இருந்தது. கூலி கொடுத்து ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் காய் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போகும்போது, வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பவில்லை. எதிரே பஸ் வந்துகொண்டிருக்க, இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினேன். அந்த மாதம் முடிவதற்குள் பழைய ஆட்டமும் திரும்ப வந்துவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓட்டுகிறோம். ஆகவே பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நடுப்பகுதியில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்கின்றன. தேய்ந்த நடுப்பகுதிக்கு ஏற்றபடி ஸ்குரூவை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. வளைவில் இறுகிப்போவது அதனால்தான். மேலிருந்து ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போட்டால் கைக்கு எட்டுகிற இடம் என்பதால்தான் முதல் பழி பாக்ஸின் மேல் விழுகிறது என்பது என் எண்ணம். மற்ற இடங்களைப் பார்க்க மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டும்.

நான் படுத்தேன். உங்கள் வண்டிக்கும் என்னுடையதைப் போலவே முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸிலும் பாரம் தாங்கும் கமான் பட்டையும்தான் என்பதால், செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்படியே விட்டுவிட்டேன்; ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால் சக்கரம் லேசாகத் திரும்பிவிடும், இணைப்புகளில் உள்ள ஆட்டம் வெளியே தெரியாது. மகனைக் கேபினில் உட்காரவைத்து, சக்கரம் அசையாத அளவுக்கு மட்டும் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டச் சொன்னேன். பிறகு டார்ச்சுடன் கீழே போய், ஸ்டீயரிங் தண்டில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தேன். ஓர் இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து, மறு பக்கம் அசையாமல் நின்றால், தொலைந்த அசைவு அங்கேதான் இருக்கிறது. இதற்குக் கண்ணைவிடக் கை நம்பகமானது.

தண்டில் உள்ள மடங்கும் இணைப்பான யூ ஜாயிண்ட் நன்றாக இருந்தது. பாக்ஸுக்குள் போகும் தண்டும் வெளியே வரும் நெம்புகோலான டிராப் ஆர்மும் ஏறக்குறைய ஒன்றாகவே அசைந்தன; பாக்ஸில் ஆட்டம் இருந்தது, ஆனால் சிறிதளவுதான். டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் முன்முனைப் பந்து இணைப்பில் கை வைத்தபோது, உள்ளே ஒரு கோலிக்குண்டு உருள்வதைப் போல 'டக், டக்' என்று விரல்களில் தட்டியது. அதன் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்ணும் பழைய எண்ணெயும் கலந்து களிம்பாக இறுகிப்போயிருந்தன. அந்தப் பந்து தன் குழியில் மேலும் கீழுமாக எழும்பி இறங்குவதைப் பார்த்தபோது, இத்தனை நாள் இதை நம்பியா பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போய்வந்தோம் என்று வயிறு கலங்கியது.

அதோடு நிற்காமல் பாக்ஸை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார்த்தேன். ஒரு போல்ட்டின் வாஷரைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. அதிலிருந்து செந்நிறத் துருத்தூள் கோடு போல வழிந்திருந்தது. அந்தக் கோட்டைக் கண்டால் போல்ட் தளர்ந்து பாக்ஸே நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போல்ட்டை முறுக்குவதற்கு முன் அந்த இடத்தில் சேஸிஸில் முடி போன்ற விரிசல் ஏதும் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். எனக்கு அந்த நல்ல காலம் இருந்தது, விரிசல் இல்லை.

அடுத்துதான் ஜாக்கி. ஆக்ஸிலைத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினேன். ஆட்டம் இருந்தது. மகனைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினேன். அழுத்தியதும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் புஷ், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியைச் சுற்றியுள்ள உறை. வலப்பக்கம் நின்றது, இடப்பக்கம் நிற்கவில்லை. நாம் நாமக்கல்லில் வேலை பார்த்த நாளில் பெரியவர் ஒருவர் லாரிகளுக்கு இப்படித்தான் பார்ப்பார், உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று அவரைக் கிண்டல் செய்தோம்.

சரிசெய்தது நீண்ட கதையல்ல. டிராக் லிங்க் முனைகள் இரண்டையும் மாற்றினேன். முதலில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் போட்டு, நான்கே மாதத்தில் மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பழையதைக் கழற்றும்போது எத்தனை மரை உள்ளே போயிருந்தது என்று எண்ணி, புதியதையும் அதே எண்ணிக்கையில் ஏற்றினால் ஸ்டீயரிங் ஏறக்குறைய நேராகவே அமையும். நட்டை முறுக்கியதும் அது கழலாமல் பூட்டும் புதிய ஸ்ப்ளிட் பின் போட்டு வளைத்துவிட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிங் பின்னுக்கு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் புதிய புஷ்ஷை அடித்து இறக்கியபின் இரண்டு புஷ்ஷுக்கும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டுத் துளையைச் சரியான அளவுக்குச் சீவ வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் புதிய பின்னும் இறுகி, நான் முன்பு பட்ட அதே பாடுதான். வலப்பக்க வீல் பேரிங்கை அட்ஜஸ்ட் செய்ததே போதுமானதாக இருந்தது. எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட்.

இவை அனைத்தும் முடிந்து பத்து நாள் ஓட்டிய பிறகுதான் பாக்ஸைத் தொட்டேன். ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, முன்பு அளவுக்கு மீறி முறுக்கியிருந்த ஸ்குரூவைத் திருப்பி விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, எங்காவது பிடிக்கிறதா என்று கவனித்தேன். இன்னும் இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது. பழைய வண்டிக்கு அதை விட்டுவைப்பதுதான் நல்லது என்று முடிவு செய்துவிட்டேன்.

எஃப்சி என்ற வாகனத் தகுதிச் சான்று பற்றியும் கேட்டிருந்தீர்கள். எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டீயரிங் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். ஆக, நான்கு விரல் ஆட்டத்தோடும் அந்தக் கணக்கில் உங்கள் வண்டி தேறிவிடலாம்; அதற்காக அப்படியே பைபாஸில் ஓட்டாதீர்கள். அதே விதி, பந்து இணைப்புகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கிழிந்த உறையோடு ஓடிய என் வண்டி அன்று அதில்தான் தோற்றிருக்கும்.

இன்னொன்று. நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருப்பது வேறு. ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருந்தும் வண்டி தானாக அலைவது வேறு. பின்னதற்கு டயர் காற்று, கமான் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட், பட்டை முனையில் உள்ள ஷேக்கிள் புஷ் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பட்டை நெகிழ்ந்து ஆக்ஸிலே நகர்ந்தால் டிராக் லிங்க் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை மருமகனைக் கேபினில் உட்காரவைத்துப் பாருங்கள். எந்த இணைப்பில் கையில் தட்டியது, பிரேக்கை அழுத்தியதும் சக்கர ஆட்டம் நின்றதா இல்லையா என்ற இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். அதுவரை வெறும் வண்டியாக ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள். கிங் பின் வேலை இருந்தால் வண்டியை மெதுவாக இங்கேயே கொண்டுவருவது என்ற எண்ணம் வேண்டாம். நானே அங்கு வருகிறேன், ரீமர் போடும் லேத்காரரை நாமக்கல்லில் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்
ஒட்டன்சத்திரம்