புது எடிட்டரிடம் பழைய கோப்புகளைக் கொடுங்கள்

கல்விநூல் பதிப்பகங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சேரும் கமிஷனிங் எடிட்டர்களுக்கு, அதாவது எந்த நூலை வெளியிடலாம் என்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு, நீங்கள் கொடுக்கும் பயிற்சியைப் பற்றி, இதே வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் மென்பொருள், அப்புறம் வரவுசெலவுத் தாள், ஒப்பந்தப் படிவம். கடைசியில், இந்த வருடத்துக்கு இத்தனை தலைப்பு, அதாவது இத்தனை நூல், என்று ஓர் இலக்கு. பல இடங்களில் பயிற்சி இதோடு முடிந்துவிடுகிறது. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் ஆய்வுநூல் சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது, அதிலும் முக்கால்வாசி நூலகங்களுக்குப் போகும் என்பது தெரியாத எடிட்டர் பதிப்பகத்தையும் கவிழ்ப்பார், ஆசிரியருக்கும் பொய் நம்பிக்கை கொடுப்பார். ஆனால் கணக்கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தனக்குத் தெரியாத ஒரு துறையில், இந்த நூல் வரவேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஓர் ஆசிரியர் அனுப்பிய நூல் முன்மொழிவுக்கு, துறை அறிஞர்களிடமிருந்து இரண்டு மதிப்பீட்டறிக்கைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நாலே வரி: முக்கியமான ஆய்வு, தாராளமாக வெளியிடலாம். மற்றது ஐந்து பக்கம். இரண்டாம் இயலின் தரவு பழசு, மூன்றாம் இயல் ஏற்கெனவே கட்டுரையாக வந்துவிட்டது, ஆனாலும் நான்காம் இயலில் இருக்கும் வாதத்தை வேறு யாரும் இதுவரை சொல்லவில்லை என்கிறது. புதியவர் முதல் அறிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், இரண்டாவதைப் பார்த்துக் கலங்கிப்போவார். பழகியவருக்கு ஐந்து பக்கம்தான் நல்ல செய்தி. ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து அத்தனை குறை எழுதியிருக்கிறார் என்றால் அந்த நூலில் ஏதோ இருக்கிறது. நாலு வரி எழுதியவர் யார் என்று பார்க்க, பழகிய எடிட்டர் ஆசிரியருடைய ஆய்வேட்டின் நன்றியுரையைப் புரட்டுவார். நெறியாளருக்கு அடுத்த வரியிலேயே அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும்.

இதைக் கற்பிக்க வெளியிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம், உங்கள் அலமாரியே போதும். பழைய கோப்புகளில் முன்மொழிவும் மதிப்பீட்டறிக்கைகளும் மட்டும் இருக்கும்படி எடுத்து, முடிவை மறைத்துக் கொடுங்கள். புதியவர் தன் முடிவையும் காரணத்தையும் எழுதட்டும். பிறகு பதிப்புக்குழுவின் குறிப்பையும், அந்த நூலின் மூன்று வருட விற்பனையையும், வந்த மதிப்புரைகளையும் காட்டுங்கள். நீங்கள் திருப்பி அனுப்பி, வேறு பதிப்பகத்தில் நன்றாக வந்த நூல்களையும் கட்டாயம் சேருங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பார்க்காமல் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை ஆய்விதழ்கள் விஷயத்தில் எல்லோரும் பார்த்தோம். வைலி பதிப்பு நிறுவனம் வாங்கியிருந்த ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்கள் பொறுப்பில் வந்த சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்தவை. தொகுப்பு நூலிலும் இயல்களைத் தேர்ந்தெடுப்பது வெளியிலிருக்கும் தொகுப்பாசிரியர்தான். அங்கே எண்ணிக்கை இலக்கோடு ஓர் அனுபவமில்லாத எடிட்டரைத் தனியாக நிறுத்திவைக்கிறோம்.

ஒப்பந்தத்தையும் படிவமாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் இனிமேல் சரிப்படாது. பிரிட்டனின் அரசு ஆய்வுநிதி அமைப்பான யூகேஆர்ஐயின் நிதி பெற்ற ஆய்வுநூல்கள், 2024 ஜனவரி 1 முதல், வெளியான 12 மாதங்களுக்குள் எல்லோரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது விதி. நூலில் வேறொருவருக்கு உரிமையான படம் இருந்தால் என்ன செய்வது, பிறர் படைப்பை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எதில் எதற்கு அனுமதி என்று ஆசிரியர் கேட்பார். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனம் தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்காக மைக்ரோசாஃப்டுக்குத் திறந்துவிட்ட செய்தி 2024இல் வந்தபோது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆசிரியர்கள் பலர் கொதித்தார்கள். அப்படிப்பட்ட கேள்வி முதலில் வந்து விழுவது சட்டப்பிரிவின் மேசையில் அல்ல, கமிஷனிங் எடிட்டரின் மின்னஞ்சல் பெட்டியில்தான். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று எத்தனை முறை பதில் எழுதுவார்?

மறுப்புக் கடிதம் எழுதவும் பழக்க வேண்டும். பல மாதம் காத்திருந்தவருக்கு "எங்கள் வரிசைக்குப் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரி போவது நியாயமில்லை. மதிப்பீட்டாளர் சொன்னதில் உருப்படியான இரண்டு விஷயங்களாவது அதில் இருக்கட்டும். முதல் வருடம் அந்தக் கடிதங்களை ஒரு மூத்த எடிட்டர் படித்துவிட்டு அனுப்பட்டும்.

முதல் வருடத்துக்குத் தலைப்பு எண்ணிக்கை வைக்காதீர்கள். பதிப்புக்குழுக் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்து கேட்க விடுங்கள், சில மாதம் கழித்துத் தன் நூலுக்காக வாதாடட்டும். இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும். அவர் செலவிடும் நேரத்தை அவருடைய இலக்கிலிருந்து கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் தலைப்புகளைத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கமிஷனிங் எடிட்டர்