நாய் குதறிய பெட்டைக்கோழிக்கு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். முதலில் கோழி விஷயம். தாமதித்தால் அம்மா மசாலா அரைக்கச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது.

நாய் கடித்த மூன்றாம் நாள் நீ எடுத்த படத்தில் கோழியின் தொடையும் வயிற்றோரமும் பாசி பிடித்த மாதிரி பச்சையாகக் கிடக்கிறதே, அழுகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். அழுகல் இல்லை, கன்றிப்போனது. நமக்கு அடிபட்ட இடம் நீலமாகி, பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகி மறையும். கோழிக்குப் பச்சையோடு நின்றுவிடும். உள்ளே கசிந்த இரத்தம் சிதையும்போது வரும் பச்சை நிறமியை மஞ்சளாக்கும் நொதி அதற்கு அநேகமாகக் கிடையாது. அதனால் இரண்டு மூன்று நாளில் பச்சை ஏறி, ஒரு வாரம் பத்து நாளில் வெளிறும். பச்சையாக இருந்தாலும் தோல் உலர்ந்து, தொட்டால் கதகதப்பாக இருக்கிறதா? அப்படியே விடு. கறுத்து, நசநசத்து, தொட்டால் சில்லென்று இருந்து, நாற்றமும் வந்தால் அதுதான் அழுகல்.

சீழும் இப்படித்தான் ஏமாற்றும். கோழிக்குச் சீழ் நம்முடையது போல ஒழுகாது. பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாக இறுகி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினால் வராது, அழுத்தவும் கூடாது. பல் பதிந்த ஓட்டையின் மேல் பொருக்கு கட்டி, அடியில் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும். எனவே பல் ஓட்டைகளை மேலே பொருக்கு கட்டி மூடவிடாதே. உரிந்து தொங்கும் தோலைத் தைக்கலாமா என்று கேட்டாய். கடிபட்ட சில மணி நேரத்துக்குள், கழுவிச் சுத்தம் செய்து, மருத்துவர் தைத்திருக்கலாம். இப்போது தைத்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். திறந்தே இருக்கட்டும். ஓரத்திலிருந்து தானே மூடிக்கொண்டு வரும்.

கழுவ உப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் கல்லுப்பில்லாத தூள் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், போட்டு வெதுவெதுப்பாக ஆறவிடு. 20 மில்லி சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, சாய்வாகப் பீய்ச்சி, அழுக்கு வெளியே வழியும்படி கழுவு. புண்ணைச் சுற்றி இரண்டு விரற்கடைக்கு இறகைக் கத்தரியால் வெட்டிவிடு. பிடுங்கக் கூடாது. கோழித்தோல் காகிதம் மாதிரி, இறகோடு கிழிந்து வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு 10% போவிடோன் அயோடின் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பால் விடாத தேநீர் நிறத்தில் தொட்டு வைக்கலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் புதிதாக வரும் இளஞ்சிவப்புச் சதையையும் அது காயவைக்கும். நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் கிட்டவே வரக் கூடாது. நான்கு நாள் காலை மாலை கழுவு, பிறகு ஒரு வேளை, சதை நிரம்பியதும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒரு எச்சரிக்கை. முதுகிலோ இறக்கையடியிலோ ஆழமான ஓட்டை இருந்தால், கோழி மூச்சு விடும்போது அதில் குமிழி வருகிறதா என்று பார். வந்தால் காற்றுப்பை கிழிந்திருக்கிறது. அங்கே தண்ணீரைப் பீய்ச்சினால் நேராக மூச்சுப் பாதைக்குள் போய்விடும். ஈரத்துணியால் சுற்றிலும் துடைப்பதோடு நிறுத்திக்கொள். பிடிக்கும்போதும் நெஞ்செலும்பை அமுக்காதே. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்த கையிலேயே செத்துப்போகும். துண்டில் சுற்றி மடியில் வை, மல்லாத்தாதே.

களிம்பு வாங்கும்போது அட்டையைப் படி. பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் என்று "கெய்ன்" என முடியும் மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டாம். அளவு கொஞ்சம் மீறினாலும் பறவையின் இதயத்தைத் தாக்கும். வீட்டில் படை, சொறிக்கு வாங்கிவைத்த ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம், புண் ஆறவிடாது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சுவது மாட்டுக் கோமாரிப் புண்ணுக்கான மருந்து. நல்ல மருந்துதான். கோழிக்கு என்றால், ஓட்டையெல்லாம் மூடி மேல்புண் மட்டும் மிஞ்சியபின் ஓரத்தில் மெலிசாகத் தடவு. ஆழமான புண்ணில் எண்ணெய் ஊற்றினால் அழுக்கு வெளியே வராது. இறகெல்லாம் எண்ணெய் பிசுபிசுத்தால் குளிரும் தாங்காது.

நாய்ப்பல் ஆழமாக இறங்கியிருப்பதால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்காதே. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோ, முடியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்கு போன் செய். எடை பார்த்துப் போ, மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தள்ளவேண்டும் என்றும் கேட்டுக்கொள். அம்மாவிடம் சொல்ல உனக்கும் ஒரு காரணம் கிடைக்கும். வலிக்கு மெலாக்சிகாம் மருத்துவரே தருவார். நம் வீட்டு வலி மாத்திரை டைக்ளோஃபினாக்கை உடைத்துக் கொடுத்துவிடாதே. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது என்று 2006இல் கால்நடைக்குத் தடை செய்தார்களே, அதே மருந்து. கோழியின் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

என் கணக்கில் கடியை விட மோசமான எதிரி பச்சை ஈ. மதியம் புண்ணோரத்தில் இறகடியில் ரவை ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரிந்தால் அது முட்டை. மறுநாள் புழு. ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டிக் காய்ந்த இடம் ஈக்கு இன்னும் பிடித்தமானது. வெந்நீரில் நனைத்துக் கழுவி, ஈரம் போகத் துடை. பஞ்சாரத்தின் மேல் கொசுவலையைப் போர்த்தி ஓரத்தைச் செங்கல்லால் அமுக்கு. தப்பித்தவறிப் புழு விழுந்துவிட்டால் உப்புத் தண்ணீரால் நிறையக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடு. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார். முதல் தடவையில் ஒளிந்தது அப்போதுதான் தலைகாட்டும். கீழே உமியும் மரத்தூளும் போடாதே, புண்ணில் ஒட்டும். பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டுத் தினமும் மாற்று.

தீனி பெரிய விஷயமில்லை. ஊறவைத்த தவிடு, கம்பு, அவித்த முட்டையை உதிர்த்தது, கொஞ்சம் தயிர்ச்சோறு, எதைக் கொத்துகிறதோ அது. எலெக்ட்ரோலைட் தண்ணீர் முதல் நாளுக்கு மட்டும். இப்போது சாதாரணத் தண்ணீர் போதும். புகட்ட வேண்டியிருந்தால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடு. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். குடித்த தண்ணீர் கழுத்தடிப் புண் வழியாகக் கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அதை மட்டும் மருத்துவர் அன்றைக்கே தைத்தாக வேண்டும்.

தினமும் காலையில் தீனிக்கு முன் ஒரு துணிப்பையில் வைத்து எடை பார். தின்பது போலப் பாசாங்கு செய்து கொத்திக்கொண்டே இருக்கும், தராசுதான் உண்மையைச் சொல்லும். எச்சத்தையும் கவனி. கெட்டியில்லாமல் வெறும் பச்சைத் தண்ணீராகப் போனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழ ஆரம்பித்தால் தேறிவிட்டது.

ஓரளவு நடமாடியதும் மற்றக் கோழிகளோடு விட்டுவிடாதே. சிவப்பைக் கண்டால் அவையே கொத்திக் குடலை உருவிவிடும். தோல் மூடி, நாய் பிய்த்த இடத்தில் இறகுக் குருத்து வந்து புண்ணை மறைக்கும்வரை பஞ்சாரம்தான். ஆனால் கண்ணுக்கெதிரே, கூட்டம் மேயும் இடத்திலேயே வை. மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தால் கூட்டம் அதைப் புதுக்கோழியாக நினைத்து விரட்டும். சேர்க்கிற அன்று பொழுது சாய்ந்தபின் கூட்டில் ஏற்றிவிடு. வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்ப்புக்குத்தான் முளைக்கும், மொட்டையாக இருக்கிறதே என்று கவலைப்படாதே. முட்டையும் கொஞ்ச நாள் இருக்காது.

அந்த நாய் மறுபடி வரும். கூட்டுக் கதவின் கொக்கியை இந்த வாரமே மாற்று. மறுபடி ஏதாவது நடந்தால் முதலில் மருந்தைத் தேடாதே. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல், அழுத்து. ஒன்றரைக் கிலோ கோழிக்கு உடம்பிலிருப்பதே சுமார் 100 மில்லி இரத்தம். நின்றதும் அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக, சத்தமில்லாமல், கதகதப்பாக ஒரு மணி நேரம் விடு. மழைக்காலம் என்றால் ஒரு மூலையில் குண்டு பல்பு, விலகிப்போக மறுமூலையில் இடம். கழுவுவதெல்லாம் தலை நிமிர்ந்தபின்.

நாய் எச்சில் பட்ட புண், கையுறை போட்டுக்கொண்டு தொடு. வெள்ளிக்கிழமை காலை எடையை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரவி