கட்டிலைத் திருப்பச் சொன்ன ஆயாவுக்கும் மற்றவர்களுக்கும்

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கடலூர் கேப்பர் மலையில் அன்று விடியற்காலை, சூரியன் எழுவதைப் பார்க்கப் போன அப்பா சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதை விவரமாக எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த நான்கு தம்பிகள், 108 வண்டியில் வந்தவர்கள், இரவெல்லாம் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், பத்து நாளும் தூக்குச்சட்டியில் ரசம் சோறு அனுப்பிய தெருக்காரர்கள், எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். "இந்த வயசுல இருட்டுல மலை எதுக்கு?" என்று திட்டியவர்களுக்கும்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்க்காத சூரியனா என்று நானும் கேட்டவள். அங்கே கடலிலிருந்து வருகிறது, இங்கே நம் ஊருக்கு மேலே வருகிறது என்பார் அப்பா. மலை என்று பெயர்தானே ஒழிய அது செம்மண் மேடு. ஆனால் பனி இறங்கிய சரளைக்கு மேடு, மலை என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

முந்திரித் தோப்பில் காவலிருக்கும் ஆயாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். குடிசையிலிருந்த கயிற்றுக் கட்டிலைக் கொடுத்தவர் அவர்தான். தம்பிகள் அப்பாவைப் படுக்க வைத்து, சாலை இருக்கும் மேற்குப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பத்தடி போயிருக்க மாட்டோம், பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

"டேய், காலை முன்னால விட்டா எடுத்துட்டுப் போவீங்க? உசுரோட இருக்கற மனுஷன்டா! திருப்புங்க!"

அவசரத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. கட்டிலைத் திருப்பினார்கள். இறக்கத்தில் தலை தாழ்ந்துவிடக் கூடாதென்று முன்னால் இருந்த இருவரும் கட்டிலைத் தோளுக்கு உயர்த்த, பின்னால் இருந்தவர்கள் இடுப்பளவில் பிடித்துக்கொண்டார்கள். தலை மேற்கே போனதால் அப்பாவின் முகம் கிழக்கைப் பார்த்தது. முந்திரிக் கிளைகளுக்கு நடுவில் அப்போதுதான் சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை வலியில் முனகிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் மெதுவா போங்கப்பா" என்றார். வலிக்கிறதாக்கும் என்று நினைத்துத் தம்பிகள் நின்றேவிட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயா அதற்காகத் திருப்பச் சொல்லவில்லை, தெரியும். சாஸ்திரத்துக்குச் சொன்னார். இருந்தாலும் அந்த அரை நிமிடம் அவர் கொடுத்ததுதான். அப்பா வண்டி ஏறும்வரை அழவில்லை. நான்தான் அழுதேன்.

திருவந்திபுரம் ஔஷதகிரிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆஞ்சநேயர் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள் அல்லவா, கால் எலும்பு கூடுவதற்கு அதைவிட்டு வேறு எங்கே போவது? 74 படிகளையும் அப்பா தானாக ஏற வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகட்டும்.

இன்று காலை ஆயாவைப் பார்க்கப் போனேன். வாங்கிப்போன புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திண்ணையில் வைத்தார். தோப்பெல்லாம் பூ வாசனை.

"நடக்கறாரா?"

"ஆறு வாரம் காலை ஊனக் கூடாதாம், ஆயா."

தலைக்கு மேலிருந்த கிளையை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, அதுக்குள்ள பழம் வந்துடும். அழைச்சிட்டு வா."