260 விநாடி

உச்சிப்புளி,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு பெட்டி செத்தாலும் நெட்வொர்க்கில் கேமரா படம் நிற்காமல் ஓடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதே விஷயத்தில்தான் நானும் இங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதனால் தெம்பாக எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போக ஆரம்பித்துவிட்டன; மண்டபம் ரோட்டில் மறுபடியும் ஐஸ் வண்டிகள். கச்சான் காற்றில் வாசல் முழுக்க மணல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரையோரம் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 64 கேமரா வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட். படத்தை நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு பிரதியாக அனுப்பினால் 1024 மெகாபிட், ஒரு கிகாபிட் லிங்கையே தின்றுவிடும். ஒரே பிரதியை அனுப்பி, கேட்கிறவர்களுக்கு மட்டும் வழியில் ஸ்விட்ச்சுகளே பிரித்துக் கொடுக்கும் மல்டிகாஸ்ட்டில் 256தான். அதனால் அந்த முடிவில் யோசனையே இல்லை. ஆனால் எது செத்தாலும் படம் நிற்கக் கூடாது என்று கேட்டார்கள். நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் கோர் ஸ்விட்ச் இரண்டு, இரண்டு ஃபைபர், ஒரு கோர் செத்தால் கேட்வே வேலையை (வெளியே போகும் வாசல்) மற்றது எடுத்துக்கொள்ளும் விஆர்ஆர்பி எல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

ஒப்படைக்கிற அன்று எல்லார் முன்னிலையிலும் முதல் கோர் ஸ்விட்ச்சை அணைத்தேன். கேமராவும் பார்க்கிற பெட்டிகளும் ஒரே வி-லேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த ஒரே வலையில்) இருந்ததால் படம் அசையவே இல்லை. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், டீ சொல்லி அனுப்பினார். டீ வந்து, நான் முதல் வாய் குடித்திருப்பேன். சுவரில் இருந்த திரையில் ஒரு கட்டம் கறுத்தது. அடுத்தது ஒன்று. அப்புறம் ஒன்று. பத்து விநாடிக்குள் 64 கட்டமும் இருட்டு. ஸ்விட்ச்சை அணைத்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

நீ கண்டுபிடித்திருப்பாய். கேட்கிறவன் போய்விட்டான். "இந்தக் குரூப் (மல்டிகாஸ்ட் படம் போகும் முகவரி) இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று 125 விநாடிக்கு ஒரு தடவை ஐஜிஎம்பி என்ற முறையில் கேள்வி அனுப்புவது அந்த முதல் ஸ்விட்ச்தான். பெட்டிகள் பத்து விநாடிக்குள் ஆளுக்கொரு நேரத்தில் பதில் சொல்லும். கேள்வி வராவிட்டால் பதிலும் வராது; கடைசிப் பதிலிலிருந்து 260 விநாடியில் கீழே உள்ள ஸ்விட்ச்சுகள் அந்தப் பதிவை அழித்துவிடும். படங்கள் வரிசையாகக் கறுத்ததற்கு அதுதான் காரணம். இரண்டாவது கோரில் விஆர்ஆர்பி இருந்தது, அந்த வி-லேனில் பிம் போடவில்லை. மல்டிகாஸ்ட்டுக்கு வழி காட்டுவது பிம்தான்; அதைப் போட்டால்தான் அந்தக் கோர் இந்தக் கேள்வியைக் கேட்கும். அது என் தவறு, அங்கேயே ஒத்துக்கொண்டேன். கேட்வே மாறிவிட்டது, இணையம் ஓடியது, பிங் போனது. மல்டிகாஸ்ட்டைக் கவனிக்க மட்டும் ஆளில்லை.

இரண்டாவதிலும் பிம் போட்டதும் சரியாகிவிடும் என்று நினைக்காதே. காத்திருக்கிற ஸ்விட்ச், பழையவனிடமிருந்து 255 விநாடி சத்தமில்லை என்றால்தான் தானே கேட்கத் தொடங்கும். பதிவு அழிவது 260இல். நடுவில் 5 விநாடி. பெட்டி பதில் சொல்லவே 10 விநாடி எடுக்கலாம் என்கிறபோது அந்த 5 விநாடியை நம்பி நான் தூங்க மாட்டேன். காத்திருப்பு நேரத்தைக் குறைத்து வைத்துவிட்டேன். இன்னொன்று: கேள்வி கேட்கிறவனாக ஐபி எண் சின்னதாக இருப்பவன் ஜெயிப்பான், பிம்மில் டிஆர், அதாவது அந்த வி-லேன் சார்பில் பேசும் ரூட்டர், ஆவதற்கு, முன்னுரிமை சமமாக இருந்தால், எண் பெரியவன் ஜெயிப்பான். இரண்டு வேலையும் ஒரே பெட்டியிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பழுது தேடினால் ஒரு ராத்திரி போய்விடும்.

இப்போது உன் கேள்வி. மூன்று கட்டடம், ஆர்பி (படம் அனுப்புகிறவனையும் புதிதாகக் கேட்கிறவனையும் முதலில் சேர்த்து வைக்கும் ரூட்டர்) ஒன்று போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது மாப்ள. ஆர்பி செத்தால் உடனே தெரியாது என்பதுதான் அதில் இருக்கிற ஆபத்து. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மூலத்திலிருந்து, அதாவது கேமராவிலிருந்து, நேராக வரும் பாதைக்கு மாறியிருப்பார்கள், அவர்களுக்குப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தை யாரும் பார்க்காத கட்டடத்தில் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தால்தான் அவனுக்கு ஒன்றும் வராது. காலை ஷிஃப்டுக்கு வந்தவன் "எனக்குத் தெரியவில்லை" என்பான், பக்கத்துக் கட்டடத்துத் திரையில் தெரிவதால் அவன் பெட்டியில்தான் கோளாறு என்று அவனைத்தான் குறை சொல்வார்கள்.

இரண்டு கோரிலும் ஒரே ஆர்பி முகவரியை லூப்பேக்கில் (பெட்டிக்குள்ளேயே இருக்கும், எந்த வயரிலும் சேராத முகவரி) வைத்து, எந்த மூலம் இருக்கிறது என்று இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள நடுவில் எம்எஸ்டிபி போடு. அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தனித்தனி முகவரி வேண்டும். ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்பில் ரூட்டர்-ஐடியை (பெட்டியின் அடையாள எண்) கையாலேயே எழுதிவிடு. விட்டுவிட்டால் பெரிய லூப்பேக் எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும்; அது அந்த ஆர்பி முகவரியாக இருந்தால் இரண்டு பெட்டிக்கும் ஒரே அடையாளம் வந்துவிடும், அப்புறம் அவை ஒன்றையொன்று பக்கத்தில் சேர்க்காது.

உன்னுடைய பெட்டிகளுக்கு ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பு தெரியும் என்றால், மூலம் எது என்பதும் முன்பே தெரியும் என்றால், மூலத்தின் முகவரியையும் சேர்த்தே கேட்கும் எஸ்எஸ்எம் முறைக்கு, 232இல் தொடங்கும் குரூப்புகளுக்கே, போய்விடு. அங்கே ஆர்பியே கிடையாது. இல்லாத ஒன்று பழுதாகாது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். இங்கே பழைய திரைப்பெட்டிகளால் முடியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஃபைபரைப் பற்றியும் கேள். இரண்டு ஃபைபர் என்று படத்தில் வரைந்திருந்தேன். பணம் மிச்சம் என்று இரண்டையும் ஒரே குழியில் போட்டிருக்கிறார்கள். ஜேசிபி ஒரு தடவை பல்லை வைத்தால் இரண்டும் போச்சு. நீ வந்தபோது பாம்பனில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலம் உடைந்தபோது சாலைப் பாலம் இல்லை, அது 1988இல்தான் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது தீவுக்குப் பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும். அந்த அளவுக்கு இரண்டு வழி இருப்பது லாபம். ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே காற்றைத்தான் வாங்குகின்றன. அதை மேனேஜரிடம் சொன்னேன். கடலோரத்துக்காரர், உடனே புரிந்துகொண்டார். இரண்டாவது ஃபைபர் ஐஸ் பிளான்ட்டைச் சுற்றிப் போகப்போகிறது.

திரும்பச் சோதித்தபோது அரை மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை ஒரு பெட்டியை அணைத்துப் போட்டு, புதிதாகச் சேரச் சொன்னேன். படம் வந்தது. மேனேஜர் இந்தத் தடவை முதலிலேயே டீ சொல்லவில்லை, முடிந்த பிறகுதான் சொன்னார்.

உன் கட்டடங்களின் வரைபடத்தை அனுப்பு. ஃபைபர் எந்தச் சுவரோரமாகப் போகிறது என்பதையும் குறித்து அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மா உனக்கென்று நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள், ஆடி மாதம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
உன் மச்சான்