கடவுள் நம்பிக்கை இல்லாமல் குடியை விட முடியுமா என்று கேட்ட தோழருக்கு

அன்புள்ள தோழருக்கு,

வணக்கம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட விரும்புபவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனீர்கள், உயர் சக்தியிடம் ஒப்படைக்கச் சொன்ன இடத்தில் மனம் ஒட்டவில்லை, திரும்பிவிட்டீர்கள். அந்தக் கூட்டங்களால் மீண்டவர்கள் ஏராளம். ஆனால் அது ஒட்டவில்லை என்பதற்காக இனி நமக்கு வழியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சாமி, சத்தியம், கயிறு எதுவும் இல்லாத வழியும் இருக்கிறது.

முதலில் ஒன்று: நாளைக் காலையிலிருந்து தொடமாட்டேன் என்று சட்டென நிறுத்திவிடாதீர்கள். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். நீங்கள் சொல்லும் இரண்டு குவார்ட்டர் என்றால் தினமும் 120 கிராமைத் தாண்டுகிறது. அதற்கு வருஷக்கணக்கில் பழகிய மூளை, நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் காட்டத் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடம், நேரம் எல்லாம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட மூன்றாம் நாள் ஒரு குடிநோயாளி பிதற்ற ஆரம்பித்தால் அது சாமி குற்றமில்லை, இதுதான்.

மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க டயஸெபாம் அல்லது குளோர்டயஸெபாக்சைடு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராஸெபாம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. இதில் வரிசை முக்கியம்: தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. தொடர்ந்து குடிப்பவர் உடம்பில் தயமின் ஏற்கெனவே வற்றிக் கிடக்கும். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, பார்வை, நடை, ஞாபகம் மூன்றும் கெடலாம். அதனால் தெருமுனை கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்கும்போது, குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பு தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற அமைப்பு உளவியல் முறைகளை வைத்தே நடக்கிறது. அதன் ஒரு பயிற்சிக்கு நோட்டும் பேனாவும் போதும். ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: குடிப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம், குடிக்காவிட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம். எல்லோரும் குடிப்பதன் நஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். மனைவியும் அம்மாவும் தினமும் சொல்வது அதைத்தானே. எங்களைக் கேட்டால், முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் முக்கியம். "தூக்கம் வருது", "நாலு பேர் மத்தியில் பேச்சு வருது", "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்யறதுன்னு தெரியலை" என்று நேர்மையாக எழுதுங்கள். அந்த ஒவ்வொரு வரிக்கும் குடி இல்லாத ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் நிறுத்தினால் காலியான இடத்துக்குப் பாட்டிலே திரும்பி வரும்.

அடுத்தது ஆசை கிளம்பும் நேரம். எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன், பத்துக்கு எத்தனை வேகம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வையுங்கள். ஆசை ஏறிக்கொண்டே போகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணியும். இரண்டு வாரக் குறிப்பில் ஒரு ஒழுங்கு தெரியும்: சனிக்கிழமை, சம்பளம் கையில், கடையை ஒட்டிய பஸ் நிறுத்தம், வெறும் வயிறு. அப்படியென்றால் சனிக்கிழமை சம்பளம் வங்கிக்குப் போகட்டும், ஐந்து மணிக்கே வயிறாரச் சாப்பிடுங்கள், ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குங்கள்.

மாத்திரையும் உதவும். நால்ட்ரெக்ஸோன், வழக்கமாக தினம் 50 மில்லிகிராம், குடியில் கிடைக்கும் கிறக்கத்தைக் குறைக்கும். டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வலி மருந்து சாப்பிடுபவருக்கு ஆகாது, கல்லீரல் சோதனையும் வேண்டும். நிறுத்திய குடியைத் தொடாமலிருக்க உதவும் அகாம்ப்ரோசேட் என்றால் சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். டைசல்ஃபிராம், அதைச் சாப்பிடும்போது மது குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் மாத்திரை. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் தொடங்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். அரிஷ்டத்திலும் சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு, கவனம். இதை உங்களுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது வீட்டில் யோசனை சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மாத்திரை கலந்தது தெரியாமல் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இவற்றைக் கேளுங்கள். போனில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; தமிழிலேயே பேசலாம்.

இடையில் சறுக்கலாம். ஒரு கட்டிங் போட்டதைவிட, "போட்டாச்சு, இனி என்ன இருக்கு" என்ற நினைப்புதான் அடுத்த பாட்டிலை வாங்க வைக்கிறது. மறுநாள் அதே நோட்டில் நேரமும் இடமும் எழுதி, ஏற்பாட்டில் எது விட்டுப்போனது என்று பாருங்கள். ஒரு நாளோடு நிற்காமல் தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால் மட்டும், வீட்டிலேயே நிறுத்தப் பார்க்காமல் மறுபடி மருத்துவரிடம் போங்கள்.

அன்புடன்.