கண்டுபிடித்தவர் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் தொழிற்புரட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று இன்னும் எத்தனை வருஷத்துக்கு எழுதப் போகிறோம்? வாட் பிறந்தது 1736-ல். நியூகோமன் என்பவரின் நீராவி இயந்திரம் 1712-லேயே இங்கிலாந்துச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. அதன் மாதிரி ஒன்றைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வாட்டிடம் பழுது பார்க்கக் கொடுத்தார்கள், இது ஏன் இவ்வளவு நீராவியைத் தின்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர், நீராவியைக் குளிர வைக்கத் தனிக் கலம் ஒன்றைச் சேர்த்தார். அதுவும் ஒழுங்காக ஓட, சிலிண்டரைத் துல்லியமாகக் குடைந்து தர வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் வரவேண்டியிருந்தது.

சரி, என் வருத்தம் வேறு. "பின்னர் இவை உலகெங்கும் பரவின" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எப்படிப் பரவின, யார் கொண்டுபோனார்கள்? ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். மெஷின் பெட்டியில் வந்து இறங்கிவிடும், அதை ஓட்டத் தெரிந்த கை வந்தால்தான் நூல் வரும்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கைதேர்ந்த தொழிலாளி நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று 1824 வரை சட்டமே வைத்திருந்தார்கள், இயந்திர ஏற்றுமதிக்கான தடை 1843-ல்தான் நீங்கியது. ஆனாலும் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் பெல்பர் ஊர் ஆலையில் அப்ரண்டிஸாக இருந்து கற்றதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டு 1789-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே பாடக்கெட் என்ற இடத்தில் நினைவிலிருந்தே நூற்பு இயந்திரங்களைக் கட்டினார். சொந்த ஊரில் துரோகி என்று பெயர், அமெரிக்காவில் ஆலைத் தொழிலின் தந்தை என்று பெயர். அவருடைய முதல் தொழிலாளர்கள் சின்னப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜப்பான் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்து அழிந்தபோது ஜப்பான் பட்டுக்குப் பெரிய கிராக்கி வந்தது, ஆனால் கையால் இழை எடுத்த அந்தப் பட்டு ஒரே சீராக இல்லை என்று வாங்குகிறவர்கள் குறை சொன்னார்கள். உடனே அரசாங்கமே 1872-ல் தோமியோகா என்ற ஊரில் மாதிரி ஆலை ஒன்றைக் கட்டியது. பிரெஞ்சு நிபுணர் போல் புருனாவைச் சம்பளத்துக்கு வைத்து, பிரான்சிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து, ஜப்பானியப் பெண்களின் உயரத்துக்குத் தக்கபடி அவற்றை மாற்றி அமைத்தார்கள். எல்லாம் தயார், வேலைக்குப் பெண்கள்தான் வரவில்லை! வெள்ளைக்காரர்கள் சிவப்பு ஒயின் குடிப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே போனால் ரத்தத்தைக் குடித்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. ஆலையின் முதல் மேலாளர் ஒதகா அத்ஸுததா தன் பதின்வயது மகளையே முதல் ஆளாகச் சேர்த்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள், அவர்களில் பலர் சாமுராய் வீட்டுப் பெண்கள்.

இந்தப் பெண்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடவில்லை. கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மட்ஸுஷிரோ என்ற ஊரிலிருந்து போன எய் என்ற பெண் திரும்பி வந்தபோது, அங்கே 1874-ல் உள்ளூர்க்காரர்களே ஒரு நீராவிப் பட்டாலையைக் கட்டி முடித்திருந்தார்கள், அதில் அவரே பயிற்சி கொடுத்தார். பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதியும் வைத்தார், இல்லையென்றால் இதெல்லாம் நமக்குத் தெரியவே போவதில்லை. 1909 வாக்கில் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் ஜப்பான்தான் உலகத்தில் முதலிடம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: தோமியோகாவில் தினம் சுமார் 8 மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை, ஆனால் பின்னால் வந்த தனியார் பட்டாலைகளில் ஏழை விவசாயி வீட்டுப் பெண்கள் 12 மணி நேரத்துக்கு மேல் உழைத்துக் காசநோயோடு வீடு திரும்பினார்கள். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பருத்தியிலும் இதே கதைதான். லண்டனில் படித்துக்கொண்டிருந்த யமனோபே தகேயோ படிப்பை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரில் மில் வேலை பழகப் போனார். 1883-ல் ஓடத் தொடங்கிய ஒசாகா மில்லில் 10,500 கதிர்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்கள்), இயந்திரம் எல்லாம் ஓல்டாம் ஊரின் பிளாட் கம்பெனியுடையது. 1929-ல் அதே பிளாட் கம்பெனி, டொயோடா சாகிச்சியின் தானியங்கித் தறிக்கான காப்புரிமையை ஜப்பானிடமிருந்து காசு கொடுத்து வாங்கியது.

பம்பாயில் முதல் பஞ்சாலை தொடங்கியது 1854-ல், அதாவது ஒசாகாவுக்கு ஏறக்குறைய 30 வருஷம் முன்னாலேயே. பிறகும் பல தலைமுறைக்கு நாம் லங்காஷயரிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டேதான் இருந்தோம். நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு தோமியோகாவைக் கட்டுவார்களா என்ன? எங்கள் கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. அந்த மில்களுக்கு ரிப்பேர் பார்த்த பட்டறைகளிலிருந்துதான் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் ஆட்கள் உருவானார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, பட்டறைக்காரர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். புதுத் தொழிற்சாலை வருகிறது என்று செய்தி போடும்போது எத்தனை ஆயிரம் கோடி, எத்தனை ஏக்கர் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை ஐ.டி.ஐ. பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள், மெஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுக்கிறார்களா, அல்லது பட்டனை அழுத்த வைத்துவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் ரிப்பன் வெட்டும் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் இதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.