ஆறு நாற்காலி, நான்கு இலை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி நெருங்குகிறது. தலை தீபாவளி விருந்துக்கு இலை சொல்லி வைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "ஆறு பேர் உட்கார்ற டைனிங் டேபிள், ஆறு தலைவாழை இலை குடுங்க." தாராளமாகத் தருகிறோம். ஆனால் அந்த மேஜையில் ஆறு இலை விரியாது. விருந்தன்று, சாதம் வடித்த பிறகு அது தெரியவந்தால் சங்கடம். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

வீடுகளில் பரவலாக இருக்கும் ஆறு பேர் மேஜை 5 அடி நீளம், 3 அடி அகலம். நுனியோடு கூடிய நல்ல சாப்பாட்டு இலை 2 அடி நீளமாவது இருக்கும். அகலம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. ஆக, பக்கத்துக்கு இரண்டு இலைதான் போடலாம். மேஜையின் இரு முனையிலும் ஆளை உட்கார வைத்தால் அவர்கள் இலையே ஆளுக்கு ஒரு அடிக்கு மேல் உள்ளே வந்துவிடும். நீளப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம் மிஞ்சும். எப்படிச் சுற்றினாலும் நான்கு பேர்தான். தட்டுக்கு அளவெடுத்துச் செய்த மேஜை அது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆறு பேரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்றால் ஒன்றரை அடிக்கு நறுக்கித் தருகிறோம். நுனியை விட்டுவிட்டு அடிப்பக்கத்தில்தான் நறுக்குவோம். பக்கத்துக்கு மூன்று இலை பிடிக்கும், முழங்கையும் இடிக்கும். எங்களைக் கேட்டால் இரண்டு பந்தியாகப் போடுங்கள் என்போம். முதல் பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பக்கம் உட்காரட்டும். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

எதிர்ப்பக்கம் ஏன் காலி? வாழை இலைச் சாப்பாடே, பரிமாறுகிறவர் எதிரே நிற்பார் என்ற கணக்கில் அமைந்தது. பந்தியில் ஒரு வரிசையாக உட்காருவோம், முன்னால் வாளியோடு ஆள் நடப்பார். நடு நரம்புக்கு மேல் பாதியில் தொடுகறி எல்லாம் அவர் கைக்கு எட்டும். கீழ்ப்பாதி நம் கைக்கு, சாதம் பிசைய. மேஜையின் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். அப்புறம் தோளுக்கு மேல் சாம்பார் கரண்டி போகும், கீழே புதுப் பட்டுப்புடவை இருக்கும்.

இரண்டு பக்கமும் உட்கார்ந்தே ஆக வேண்டுமா? மேல் பாதியை ஆள் உட்காரும் முன்பே பரிமாறி முடித்துவிடுங்கள். உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலையில், அங்கிருந்து வலப்பக்கமாகப் பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல். பாயசத்தைக் கீழே வலது ஓரத்தில் ஒரு துளி முதலில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எது முதலில், எது எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறும். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே வரவில்லை. வடையும் அப்பளமும் மட்டும் ஆள் உட்கார்ந்த பிறகு. சாதம், குழம்பு பரிமாற இடது தோள் பக்கமாக வாருங்கள், வலது கை சாப்பாட்டில் இருக்கும். ரசத்தை டம்ளரில் கொடுப்பது உத்தமம். தரையில் ரசம் ஓடினால் இலையைத் தாண்டித் தரைக்குப் போகும். மேஜையில் ஓடினால் மடிக்குத்தான் வரும்.

இலை போடுகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் நுனி வர வேண்டும். மேஜையைச் சுற்றி வராமல் ஒரே இடத்தில் நின்று எல்லா இலையையும் ஒரே திசையில் போட்டால், எதிர் வரிசைக்கு நுனி வலப்பக்கம் போய்விடும். அதைக் கண்டுபிடிப்பது சம்பந்தி வீட்டுப் பாட்டியாகத்தான் இருக்கும்.

கண்ணாடி மேஜையில் ஈர இலை வழுக்கும். கல்யாண மண்டபத்தில் விரிக்கிற வெள்ளைப் பேப்பர் ரோல் வாங்கி அடியில் விரித்துவிடுங்கள். நடு நரம்பு தடிமனாக இருந்து இலை தூக்கிக்கொண்டு நின்றால், திருப்பிப் போட்டு நரம்பின் பின்புறத்தைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள், படிந்துவிடும். ஓரத்தில் கிழிசல் இருந்தால் அது நரம்பை நோக்கியே ஓடும். அதன் அடியில் ஒரு துண்டு இலையைச் செருகினால் போதும். கறி விருந்து என்றால் ஆளுக்கு ஒரு சிறிய டிபன் இலை கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், எலும்பு போட.

எங்களுக்கு இலை தொட்டியம், லாலாப்பேட்டை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது, பெரும்பாலும் பூவன். ஐப்பசியில் மழையோடு காற்றும் அடித்தால் மரத்திலேயே இலை கிழிந்துபோகும். கிழியாத நுனி இலைக்கு அப்போது தட்டுப்பாடு, விலையும் ஏறும். வெளிர்ப் பச்சைக் குருத்து பார்க்க அழகு, ஆனால் சூடான சாதம் விழுந்ததும் துவண்டுவிடும். முற்றிய இலை மடித்தால் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பொறுக்கித் தருவது எங்கள் வேலை.

முதல் நாள் மாலையே வாங்குகிறவர்கள் இலையைச் சுருட்டி, ஈரச் சாக்கில் பொதிந்து, மின்விசிறிக் காற்று படாத மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் திணிக்க வேண்டாம், மடங்கிய இடத்தில் கிழியும். சாப்பிடும் முன் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டால் போதும்.

இலை சொல்ல வரும்போது எத்தனை பேர் என்பதோடு மேஜையின் நீள அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் கேட்ட அளவில் எடுத்து வைக்கிறோம். அன்று காலையில் வந்தால் இருப்பதைத்தான் தர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் இலைக்கடை